கண்ணாடி மாதிரித் தண்ணீர்

"கண்ணாடி மாதிரி இருக்குல்லா, இதுக்கு என்ன கொறை?"

நம் கரிசல் பக்கம் எங்கே புதிதாகப் போர் போட்டாலும் இந்த வாசகம் காதில் விழும். முதலில் சிமெண்டுப் பால் மாதிரி வரும். சில மணி நேரம் ஓடவிட்டால் தெளியும். தெளிந்ததும் யாராவது ஒருவர் காலி பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பரிசோதனை அத்தோடு முடிந்தது. அன்று மாலையே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். இதே ஆட்கள் வீட்டுக் குழாயில், ஐப்பசி கார்த்திகையில் தாமிரபரணித் தண்ணீர் கொஞ்சம் பழுப்பாக வந்துவிட்டால், "இதையா மனுசன் குடிப்பான்" என்று செடிக்கு ஊற்றுவார்கள்.

கண்ணாடி மாதிரி இருப்பது தண்ணீருக்கு நற்சான்றே கிடையாது என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: பழுப்பாக வருகிற தண்ணீரின் குறையைப் பெரும்பாலும் நம் அடுப்படியிலேயே தீர்த்துக்கொள்ளலாம். பளபளவென்று வருகிற தண்ணீரில் குறை இருந்தால் அடுப்படியில் அதற்கு வைத்தியம் இல்லை. இது நம் வயதுக்காரர்களுக்கே தெரியாமல் போனதற்குப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஒருபடித்தான கலவை', 'பலபடித்தான கலவை' என்று ஒரு பாடம் இருக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு. ஒரே தன்மையாய் இருப்பது ஒருபடித்தானது. பிள்ளைகள் 'படித்தான்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தன் படித்தான், பலபேர் படித்தான், நான் மட்டும் படிக்கல தாத்தா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். புத்தகம் சரியாகத்தான் சொல்கிறது: எங்கே எடுத்துப் பார்த்தாலும் கலந்த பொருள்கள் ஒரே விகிதத்தில் சீராகப் பரவியிருந்தால் ஒருபடித்தானது, இல்லாவிட்டால் பலபடித்தானது. ஆனால் வகுப்பைத் தாண்டி டியூஷனுக்கு வந்து சேரும்போது இது, "தனித்தனியா கண்ணுக்குத் தெரிஞ்சா பலபடி, தெரியாட்டி ஒருபடி" என்று சுருங்கிவிடுகிறது. உதாரணமும் மாறுவதில்லை. உப்புக் கரைசல் ஒருபடி, மணலும் தண்ணீரும் பலபடி. இரண்டு மார்க் வாங்கியதும் பாடம் தலையைவிட்டுப் போய்விடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே இந்தச் சுருக்கத்துக்கே வேலை இல்லை, இலக்கணமே அப்படித்தான் இருந்தது. ஒமோழேன், எத்தெரோழேன் என்று இரண்டு சொற்கள். 'ஆ லொய் நு', அதாவது நிர்வாணக் கண்ணால், பிரித்துப் பார்க்க முடியாதது முதல் வகை. முடிந்தது இரண்டாம் வகை. நாம் வெறுங்கண் என்கிறோம், பிரெஞ்சுக்காரன் அதையே நிர்வாணக் கண் என்கிறான். அதைக் கேட்டு எங்கள் வகுப்பே ஒருநாள் நெளிந்தது. இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அந்தக் கண்ணிடம் தீர்ப்பை ஒப்படைத்தது பெரிய அநியாயம் என்று படுகிறது. பாலைப் பாருங்கள். கண்ணுக்கு ஒரே வெள்ளை. நுண்ணோக்கியில் வைத்தால் தண்ணீரில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகள் தெரியும். நுண்ணோக்கியையே பார்த்திராத நம் ஆச்சிமாருக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது. காய்ச்சினார்கள், ஆடை படிந்தது. உறைய வைத்துக் கடைந்தார்கள், வெண்ணெய் திரண்டது. பார்த்துவிட்டு விடாமல் பிரித்தும் பார்த்தார்கள்.

ஆகவே பரீட்சையில் பிள்ளைகளைக் கேட்க வேண்டிய கேள்வி, "இதை எப்படிப் பிரிப்பாய்?" என்பதுதான்.

பலபடித்தான கலவையைப் பிரிக்க நம் மொழியில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். சுளகில் புடைக்கிறோம், கொழிக்கிறோம், தெள்ளுகிறோம், நாவுகிறோம். சுளகை ஆட்டும் விதம் கொஞ்சம் மாறினால் சொல்லே மாறிவிடுகிறது. களத்தில் தூற்றுகிறோம். மாவைச் சலிக்கிறோம், அரிசியை அரிக்கிறோம், கஞ்சியை வடிக்கிறோம். சாற்றைத் தெளியவைத்து இறுக்கிறோம். இத்தனையும் கையும் கண்ணும் செய்யும் வேலை. கரைந்துபோனதைப் பிரிக்க என்ன சொல் இருக்கிறது என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். காய்ச்சி வற்றவைக்கலாம், வாலையில் வைத்து வடிக்கலாம், உப்பாய் விளையவைக்கலாம். எல்லாவற்றுக்கும் நெருப்பு வேண்டும், அல்லது வெயில் வேண்டும்.

வெயில் வேலை செய்வதைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். மணியாச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் தூத்துக்குடி உப்பளம். பாத்தியில் பாய்ச்சும் கடல்நீரும் உவர்க் கிணற்று நீரும் தெளிந்துதான் இருக்கின்றன. லிட்டருக்கு 35 கிராம் உப்பைச் சுமந்துகொண்டு கடல்நீர் எப்படிப் பளிங்காக நிற்கிறது பாருங்கள்! அதை எந்தத் துணியில் வடிகட்டினாலும் ஒரு கல் உப்பு துணியில் நிற்காது. அங்கே தண்ணீரின் அடர்த்தியை 'டிகிரி' என்று அளக்கிறார்களே, அது 1768-இல் அந்த்துவான் பொமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் வகுத்த அளவு. கடல்நீர் 3, 3.5 டிகிரியில் உள்ளே வருகிறது. வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்பு வகை கீழே இறங்கும். 13, 15 டிகிரி வாக்கில் ஜிப்சம். 25-ஐ நெருங்கியதும்தான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். 29, 30-க்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து, கைக்கும், காற்றில் ஈரம் வாங்கிக் கசியும். அதனால் அந்தக் கடைசித் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். பாத்தியில் பாயும்போது இத்தனை பேரும் அந்தக் கண்ணாடித் தண்ணீருக்குள் ஒன்றாக இருந்தவர்கள்தான். எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருணிக்கு வாருங்கள்.

கரிசல் களிமண்ணின் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே. தண்ணீரில் சேர்ந்தால் நாள் கணக்கில் படியாமல் மிதக்கும். ஊருணித் தண்ணீர் பார்க்கப் பால் குறைந்த டீ மாதிரி இருக்கும். நம் தாய்மார் அதைச் சுமந்து வந்து, மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி, ராத்திரி அப்படியே விட்டுவிடுவார்கள். கொட்டையிலிருந்து இறங்கும் பசை களித்துகள்களை ஒன்றோடொன்று சேர்க்கும். கனம் கூடியதும் அவை அடியில் உட்காரும். காலையில் மேல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்தால் கிருமியும் போய்விடும். அந்தக் காலத்தில் எல்லாரும் கொதிக்கவைக்கவில்லை, அதனால் வாந்திபேதியும் வந்தது, நரம்புச் சிலந்தியும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நரம்புச் சிலந்தி எப்படி ஒழிந்தது என்று யோசியுங்கள். அந்தப் புழுவின் குஞ்சைச் சுமப்பது தண்ணீரில் நீந்தும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி. கரையாத பூச்சி. பாதுகாப்பான நீராதாரங்களோடு சேர்த்து, துணியில் வடிகட்டும் பழக்கத்தைப் பரப்பியே அதை நாட்டைவிட்டு விரட்டினார்கள். 1996-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் வரவில்லை. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இன்றுவரை அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஒரு முழத் துணி செய்த வேலையைப் பாருங்கள். பலபடித்தான கலவையாக இருந்ததால்தான் துணிக்கு அந்த வேலை சாத்தியப்பட்டது.

ஊருணித் தண்ணீர் மழைத்தண்ணீர். கலங்கலாக இருந்தாலும் கரைந்த உப்பு அதில் சொற்பம். போர்த் தண்ணீர் மண்ணுக்குள்ளும் பாறை இடுக்கிலும் வருடக்கணக்கில் கிடந்து, கிடந்த இடத்தில் உள்ளதையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. பூமியே அதை வடிகட்டிவிடுகிறது, அதனால் தெளிவுக்குக் குறைவில்லை. எல்லாப் போரும் மோசம் என்று நான் சொல்லவரவில்லை, நல்ல தண்ணீர் ஊறும் இடமும் நம் பக்கத்தில் உண்டு. ஆனால் எது எந்த வகை என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்துத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. 15 லிட்டர் குடத்தில் 2000 என்றால் 30 கிராம். ஒரு கைப்பிடி உப்பு கரைந்து கிடந்தாலும் குடம் பளபளக்கும். ஃபுளோரைடுக்கு இன்னும் சின்ன எல்லை: 1 மில்லிகிராம், போனால் போகிறதென்று 1.5. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒன்றரை கிராம். அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் காவி படியும். அளவு மேலும் கூடினால் எலும்பு வளையும், மூட்டு இறுகும். தருமபுரிப் பக்கம் இதனாலேயே ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுபோக வேண்டிவந்தது. அங்கேயும் கிணற்றுத் தண்ணீர் தெளிந்துதான் இருந்தது.

"அப்படின்னா கொதிக்கவச்சுக் குடிக்கலாமே" என்பார்கள். கொதிக்கவைத்தால் ஆவியாய்ப் போவது தண்ணீர். உப்பும் ஃபுளோரைடும் பாத்திரத்திலேயே தங்கும். நான்கு குடத்தை மூன்று குடமாக வற்றவைத்தால் கரைந்தது கூடுதல் செறிவாகிறது. படிகாரம் போட்டால் சேறு இறங்கும், உப்பு இறங்காது. மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளைக் குச்சி வைத்த பழைய பில்டரும் அப்படியே. கரைந்த துகள் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் வரும் அளவுக்கும் கீழே. அதைத் தடுக்கும் ஓட்டை அந்தக் குச்சியில் கிடையாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வு தடுக்கும், உண்மை. ஆனால் நாலு குடம் ஊற்றினால் ஒரு பங்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, பெரும்பங்கைக் கூடுதல் உப்போடு சாக்கடைக்கு அனுப்பும். மழையில்லாத ஊரில் இது என்ன கணக்கு என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஆர்.ஓ. என்றதும் அதை விற்க வந்த ஒரு தம்பி ஞாபகம் வருகிறது. எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தார். இரண்டு டம்ளர். ஒன்றில் நம் வீட்டுத் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டு இரண்டு கம்பிகள் கொண்ட கருவியை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். ஒரே நிமிடத்தில் நம் தண்ணீர் கரும்பழுப்பாகி, மேலே கசடு மிதந்தது. அவருடையது அப்படியே நின்றது. "பாருங்க சார், இவ்வளவு அழுக்கைத்தான் தினம் குடிக்கிறீங்க." பக்கத்து வீட்டு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் அந்தக் கம்பியை எடுத்துக் காட்டச் சொன்னேன். இரும்பு. உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஓடும்போது இரும்பு கரைந்து துருவாகித் திரளும். அந்தப் பழுப்பு முழுக்கக் கம்பியினுடையது. அவருடைய தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரமும் ஓடவில்லை, துருவும் வரவில்லை. ஒரு சிட்டிகை சமையல் உப்பை அவர் டம்ளரில் போட்டு மறுபடி கம்பியை விடச் சொன்னேன். அதுவும் பழுத்துவிட்டது. தம்பி பையை மூடினார்.

இந்தக் கேள்வியை 250 வருடத்துக்கு முன்பே லவுவாசியே கேட்டுவிட்டார். தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அடியில் மண் மாதிரி ஒரு பொடி சேருகிறது, ஆகவே தண்ணீர் மண்ணாக மாறுகிறது என்று அக்காலத்துப் பெரியவர்கள் நம்பினார்கள். அவர் 1768-69-இல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரை அடைத்து 101 நாள் காய்ச்சினார். பொடி வந்தது. பாத்திரத்தை நிறுத்துப் பார்த்தார், ஏறத்தாழ அதே எடை பாத்திரத்தில் குறைந்திருந்தது. பொடி கண்ணாடியிலிருந்து வந்தது. (பொமேவுக்கும் இவருக்கும் ஒத்துப்போகாது என்பது வேறு கதை.) தராசை நம்பியவர் பிழைத்தார். எங்கள் தெருவில் கண்ணை நம்பிய நாலு வீட்டில் அந்த இயந்திரம் இன்றும் சுவரில் தொங்குகிறது. நம் போர்த் தண்ணீருக்கு அது தேவைப்பட்டும் இருக்கலாம். ஆனால் அளந்து பார்த்து வாங்கவில்லை, பயந்து வாங்கினார்கள்.

கண்ணின் இந்தப் பலவீனத்தை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன் கலப்படக்காரன். நம் சின்ன வயதில் அரிசியில் கல், மிளகில் பப்பாளி விதை, மிளகாய்ப் பொடியில் செங்கல் தூள். எல்லாம் பலபடி. ஆச்சி சுளகோடு உட்கார்ந்தால் அவன் பிழைப்பு அம்பலமாகிவிடும். இப்போது அவன் கட்சி மாறி ஒருபடிக்குப் போய்விட்டான். தண்ணீர் ஊற்றிய பாலில் லாக்டோமீட்டரை ஏமாற்றச் சர்க்கரையோ யூரியாவோ கரைக்கிறான். 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்து அறுபது பேர் வரை செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் மெத்தனால் இருந்தது. மெத்தனால் தண்ணீரோடும் சாராயத்தோடும் எந்த விகிதத்திலும் ஒன்றாகிவிடும், நிறம் கிடையாது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பக்கம் 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் இனிக்கும், பாகு மாதிரியே இருக்கும். பெற்ற தாய் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

யாரும் கலக்காமல், நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்திலும் இது நடந்திருக்கிறது. வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் வாந்திபேதி வந்து பிள்ளைகள் சாகிறார்களே என்று 1970-கள் முதல் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு தோண்டினார்கள். பளிங்குத் தண்ணீர் வந்தது, பேதி குறைந்தது. கூடவே, பூமிக்குள் இயற்கையாக இருந்த ஆர்சனிக் கரைந்து வந்தது. கை கால் தோல் தடித்து, கருத்து, சிலருக்குப் புற்றுநோயும் வந்த பிறகுதான் புரிந்தது. ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த நஞ்சூட்டல்களில் வரலாற்றிலேயே பெரியது இது என்று 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் எழுதியது.

"நாக்கு இருக்கே, உப்பா இருந்தா சொல்லிடுமே" என்று என் நண்பர் ஒருவர் வாதாடுவார். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று நம் ஜனங்கள் பிரித்தது நாக்கை வைத்துத்தான், அந்த அளவில் நாக்கு கண்ணைவிட யோக்கியன். ஆனால் ஃபுளோரைடுக்கும் ஆர்சனிக்குக்கும் அந்த அளவில் ருசி கிடையாது. அதற்குத் தராசும் ஆய்வகமும்தான் வழி. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலத்தில் நீர் மாதிரி அறிக்கைகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. முதல் வரி 'தோற்றம்: நிறமற்றது, தெளிவானது'. கீழே எண்கள். அதே தாளின் கடைசி வரி 'குடிநீராகப் பயன்படுத்த உகந்ததல்ல'. நான் முத்திரை குத்திக் கோப்பில் சேர்ப்பேன். முதல் வரி மட்டும் எப்படியோ ஊருக்குத் தெரிந்திருக்கும், கடைசி வரி கோப்பைத் தாண்டாது. நீராவி இஞ்சின் காலத்தில் ரயில்வேக்காரர்கள் கொதிகலனில் ஊற்றும் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று ரசாயனப் பரிசோதனை செய்தார்கள். அளவு மீறினால் குழாயில் காரை படிந்து இஞ்சின் கெட்டுவிடும் என்ற அக்கறை அவர்களுக்கு இருந்தது. பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும் தண்ணீருக்கு அந்த அளவு அக்கறையாவது வேண்டாமா?

நம் ஊர்களில் ஒவ்வொரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலும் பெயிண்டில் எழுதியிருக்கிறது: திட்டத்தின் பெயர், நிதி ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை, கொள்ளளவு 30,000 லிட்டர் என்று. அதற்குக் கீழே இன்னும் மூன்று வரிக்குச் சுவரில் தாராளமாக இடம் இருக்கிறது. கரைந்த உப்பு எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு, கடைசியாகச் சோதித்த தேதி என்ன. வருடத்துக்கு இரண்டு தடவை, கோடைக்கு ஒன்று, மழை முடிந்து ஒன்று, அழித்து எழுதினால் போதும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வரும்போது தங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு லிட்டர், சுத்தமாகக் கழுவிய கேனில் பிடித்து, எந்தப் போர், எந்தத் தேதி என்று சீட்டு ஒட்டிக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதாக இருக்கிறேன்.